பனி மேல் போட்ட பழி

நான் ரைட்டராக, அதாவது கணக்கும் ஆள் பேரும் எழுதுகிறவனாக, வேலை பார்த்த காபி எஸ்டேட்டில் விபத்துக்கென்று தனியாக ஒரு நோட்டு இருந்தது. யாருக்காவது வேலையில் அடிபட்டாலோ, எஸ்டேட் வண்டி எதிலாவது மோதினாலோ, தேதி போட்டு நடந்ததை நாலு வரியில் எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைக்க வேண்டும். எழுதுவது என் பொறுப்பு. பதினைந்து வருஷத்துக்கு மேல் நான் எழுதியதை இன்று யாராவது எடுத்துப் படித்தால், ஏற்காட்டு மலையில் மனிதர்கள் தப்பே செய்வதில்லை, எல்லாவற்றையும் பனிதான் செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதலாளியின் மச்சான் குப்பனூர் வழியாக ஜீப்பில் மேலே வந்து, எஸ்டேட் வாசலிலேயே சில்வர் ஓக் மரத்தில் மோதினார். அவரை வண்டியிலிருந்து இறக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. சட்டையெல்லாம் பிராந்தி வாசம். நான் நோட்டில் எழுதியது: ‘பனிமூட்டத்தால் பாதை தெரியாமல்.’ டிராக்டர் ஓட்டியவர் சம்பள நாளன்று குடித்துவிட்டு மிளகுக்கொடிகளுக்குள் இறக்கினார். அதுவும் பனிமூட்டம். கீழே சேலத்தில் இருக்கிறவர்களுக்கு ஏற்காடு என்றாலே பனிதான். மறு கேள்வி கேட்கமாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். பனியில் மறைப்பது சுலபம் என்று மலைக்காரர்களான நாங்கள் கற்றுவைத்திருந்தோம். எனக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். பேனாவைத் திறந்தால் தானாக வந்து விழும்.

இன்னொன்றும் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். “மலை மேல குடிச்சா ஏறாதுங்க. குளிரு தின்னுரும்” என்பார்கள். இதை ஏதோ விஞ்ஞானம் போலச் சொல்வார்கள். கடை வைத்திருப்பவர், லாட்ஜில் வேலை செய்பவர், எஸ்டேட் மேஸ்திரி, நான் என்று ஒருவர் பாக்கியில்லை. அதனால் குடித்தவர் குடித்தவராகக் கணக்கில்லை, குளிருக்குப் போட்டுக்கொண்டவர். அதற்கு மேல் ஒரு வீராப்பு வேறு. “இந்த ரோட்டுல கண்ணக் கட்டி உட்டாலும் வண்டி ஓட்டுவேன்.” தினமும் போய்வருகிற பாதை நமக்கு அடிமை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பல வருஷ மதுவிலக்குக்குப் பிறகு கடைகளைத் திரும்பத் திறந்திருந்தார்கள். அதுவரை புதருக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் குடித்தது, நடு அறைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காகச் சேலத்தில் இருந்தார்கள். நான் மட்டும் எஸ்டேட் குவார்ட்டர்ஸில். சனிக்கிழமை இரண்டு கிளாஸ், விசேஷம் என்றால் நாலு. என்னை நான் குடிகாரன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த வார்த்தையை நான் கூலிக்காரர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டர் நோட்டில் ஆள் வரவில்லை என்றால், “குடிச்சுட்டுக் கெடப்பான்” என்று சொல்லி அன்றைய கூலியை அடித்துவிடுவேன். அப்படிச் சொன்ன வாய்தான் இது.

காபிப் பழம் பறித்து முடிகிற கடைசி நாளில் எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட் எல்லையில் இருக்கும் கல்லுச்சாமிக்குக் கிடா வெட்டி, அத்தனை பேருக்கும் சோறு போடுவார்கள். பறிக்கிற பெண்கள் களத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்களைப் போன்ற ஸ்டாஃபுக்குப் பங்களாவின் பின்பக்கத் தாழ்வாரம். அங்கே முதலாளி தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். முதல் கிளாஸ் ரைட்டருக்கு, அடுத்தது மேஸ்திரிக்கு என்று முறை உண்டு. முதலாளி நீட்டிய கிளாஸை வேண்டாம் என்பது அவர் முகத்தில் அடிப்பது போல. நானோ வேண்டாம் என்று சொல்லத் தவித்துக்கொண்டிருந்தவன் இல்லை. முதல் கிளாஸ் எனக்கு வருவதில் இருந்த பெருமை, உள்ளே இருந்த சரக்கைவிட அதிகமாக ஏறியது.

அந்த வருஷம் நாலு கிளாஸ் ஆயிற்று. மணி இரண்டரை இருக்கும். போன் வேலை செய்யவில்லை. மறுநாள் காலையில் காபிக்கொட்டையை ஏற்றிக் கீழே அனுப்ப லாரி வர வேண்டும் என்று ஏற்காட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வரணும் என்றார் முதலாளி. நான் எழுந்து, எஸ்டேட் மோட்டார் சைக்கிளின் சாவியை எடுத்தேன்.

எஸ்டேட் ஜீப்பை ஓட்டியவர் என் வயதுக்காரர், சேலத்துப் பக்கத்து முஸ்லிம். குடிக்கமாட்டார். சாமிக்கு வெட்டிய கறி என்பதால் அன்று சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர்தான் எழுந்து வந்தார்.

“ஏனுங்க ரைட்டரே, சாவிய இப்புடிக் குடுங்க. நான் ஒரெட்டு போய்ச் சொல்லிட்டு வந்தர்றனுங்க.”

தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. ஒரு டிரைவர் என் கையிலிருந்து சாவி கேட்கிறார், அதுவும் முதலாளி முன்னால். எனக்குச் சுருக்கென்றது.

“ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதா? உன் சோலி ஜீப்பு. அதப் பாரு போ.”

மேஸ்திரி சிரித்தார். முதலாளி அதைவிடச் சத்தமாகச் சிரித்து, “நம்ம ரைட்டரு கண்ணக் கட்டிட்டு ஓட்டுவாருப்பா” என்றார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்பை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேனோ என்னவோ. இப்படிச் சொல்வதும் பழியை நாலு பேருக்குப் பங்கு வைக்கிற தந்திரம்தான். சாவி என் கையில் இருந்தது.

அன்றைக்கு நல்ல வெயில். கூலிக்காரர்களின் லைன் வீடுகளின் வாசலில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. எதிர்மலையில் இருக்கிற கோயில் கொடி தெரிகிற அளவுக்குத் தெளிவான வானம். எஸ்டேட் வாசலைத் தாண்டியதும் பாதை இறக்கம். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டு போவது மலையில் எல்லோருடைய பழக்கமும். பெட்ரோல் மிச்சம். அதில் ஒரு சுகமும் உண்டு. சத்தமே இருக்காது, காற்று மட்டும் காதில் விழும். நானும் அணைத்தேன்.

முதல் வளைவு தாண்டியதும் அவள் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். எங்கள் எஸ்டேட்டில் பழம் பறிப்பவள், முப்பது வயதிருக்கும். ஊர் செம்மநத்தம். தலையில் ஒரு தூக்குப் போசி, வீட்டுக்குக் கொண்டுபோகிற சோறும் கறியும். பாதையின் இடது ஓரமாக, புல்லை ஒட்டித்தான் நடந்தாள். இதை நான் தெளிவாகப் பார்த்தேன். பார்த்த கண்ணுக்கும் திருப்ப வேண்டிய கைக்கும் நடுவில் எங்கேயோ நாலு கிளாஸ் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடியிருந்தால் அவளாவது சத்தம் கேட்டு விலகியிருப்பாள். ஹாரன் அடிக்கவும் எனக்குத் தோன்றவில்லை. பின்னாலிருந்து அவள் மேல் ஏற்றினேன்.

நானும் விழுந்தேன். முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். அவளுடைய ஒரு கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. சோறு ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முதலில் கேட்டது என்ன தெரியுமா?

“ஐயோ ரைட்டரய்யா, அடி பட்டுருச்சுங்களா உங்களுக்கு?”

நான் என் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நிமிஷத்தில் ஜீப் வந்து நின்றது. டிரைவர் மனசு கேட்காமல் என் பின்னாலேயே கிளம்பி வந்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே கிடந்த மோட்டார் சைக்கிளிலிருந்து சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். நானும் அவரும் அவளைத் தூக்கி ஜீப்பில் கிடத்தினோம். சேலத்துக்கு இறங்குகிற இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தாள். அவள் தலை என் மடியில் இருந்தது. எனக்கு அவளைப் பற்றிய கவலை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட, வாயில் வாசம் வருகிறதே, ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துவிடுவார்களே என்ற கவலை பெரிதாக இருந்தது. வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி வெற்றிலை பாக்கு வாங்கி மென்றேன். அவள் அங்கே வலியில் கிடக்க, நான் கடையில் நின்று கூடுதலாக ஒரு ஏலக்காய் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள்.

“பனிங்க” என்றேன்.

“மத்தியானத்துலயா?”

“மலையில பனிக்கு நேரங்காலம் ஏதுங்க?”

கேட்டவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். வெளியே சேலத்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் முதலாளி, “எப்பவும்போல எழுதிரு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் எழுதியது இது: ‘பனிமூட்டத்தில் வண்டி வருவதைக் கவனிக்காமல் தொழிலாளி பாதையின் நடுவே வந்துவிட்டதால்.’ பனி எப்பவும்போல வந்தது. மேலே வெயிலும் அடுத்த வளைவில் பனியும் மலையில் சகஜம் என்பதால், அன்று வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்கூடத் துருவமாட்டார்கள். ‘கவனிக்காமல்’ என்பதும் ‘நடுவே’ என்பதும் என் சொந்தச் சரக்கு. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே அடியும் பழியும் ஒரே இடத்தில், அவள் தலையில் விழும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு டிரைவரைக் கூப்பிட்டேன். நோட்டைப் படித்துவிட்டு மூடி வைத்தார். “நான் கண்டது வெயிலுங்க, ரைட்டரே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த மாசக் கடைசியில் வேலையை விட்டுவிட்டுச் சேலம் போய்விட்டார். சாட்சிக்கு மேஸ்திரி கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாசம் கழித்து அவள் கட்டைக் கம்பை ஊன்றிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். எலும்பு சரியாகக் கூடாமல் ஒரு கால் குட்டையாகிவிட்டது. “பனில அடிபட்டுச்சுன்னு எழுதியிருக்கேன், ஒரு கைநாட்டு வை” என்றேன். ‘நடுவே’, ‘கவனிக்காமல்’ என்ற இரண்டு வார்த்தைகளையும் படித்துக் காட்டவில்லை. அவள் பெருவிரலை நானே பிடித்து மையில் உருட்டி நோட்டில் அழுத்தினேன். விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, “நொம்ப உபகாரமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் காலை வைத்துக்கொண்டு சரிவில் நின்று பழம் பறிக்க முடியாது. நான் முதலாளியிடம் பேசி, களத்துக் கொட்டகையில் உட்கார்ந்து கொட்டை பொறுக்குகிற வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். ரைட்டருக்குப் பெரிய மனசு என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. “அடிபட்ட பொம்பளைக்கு யாரு இப்புடிப் பாப்பாங்க?” என்றார்கள். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால், என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காதில் விழுந்தது. புருஷன்காரன் தினம் திட்டுவானாம், “ரோட்டப் பாத்து நடக்கத் தெரியாதவ” என்று. தண்ணி சுமக்க, விறகு பொறுக்க ஆளில்லாமல், ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். எஸ்டேட்டில் அவளுக்குப் பட்டப்பேர் ‘பனிக்காரி’. ஒருநாள் காலை மஸ்டரில் எல்லோரும் நிற்கும்போது, அவள் நொண்டி நொண்டி வர, நானே சொன்னேன்: “பாத்து வா, இன்னிக்கும் பனி இருக்கு.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து, இவள் உண்மையாகவே பனி என்று நம்பிவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

குடியை நான் பிறகு விட்டுவிட்டேன். மனசாட்சி உறுத்தி விட்டேன் என்று எழுத ஆசைதான். கல்லீரல் கெட்டுப்போகும் என்று டாக்டர் சொன்னதால் விட்டேன். விட்ட பிறகுதான் அந்தப் பிற்பகல் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. வெயில், காயும் மிளகு, முன்னால் போகிற அவளுடைய முதுகு. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். நான் பேசியது பன்னிரண்டு வருஷமாக விடிந்தும் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வேலையை விட்டுச் சேலத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். போகிறதற்கு முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்மநத்தம் போனேன். அவள் வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே கல்லில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஊர் விஷயமெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சொன்னேன்.

“அன்னிக்குப் பனி இல்ல. நான் குடிச்சிருந்தேன்.”

அவள் அவரையை உரிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியுமுங்க” என்றாள். “ஜீப்புல உங்க மடியிலதானுங்க எந்தலை இருந்துச்சு. வாசம் தெரியாமப் போகுங்களா?”

“அப்பறம் ஏன் சொல்லல?” என்று கேட்டேன். கேட்ட உடனே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று எனக்கே புரிந்தது.

“யாருகிட்டச் சொல்றதுங்க? பேரு எழுதற நோட்டு உங்க கையில. எங்கூட்டுக்காரரு அங்கதான் வேலை, நானும் அங்கதான். நீங்க பேரு போட்டாத்தான அடுப்பெரியும்?”

இத்தனை வருஷம் அவள் எனக்குக் கும்பிடு போட்டது, நான் கேலி செய்தபோது கூடச் சேர்ந்து சிரித்தது எல்லாம் பயம். நான் அதை நன்றி என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அழுதும்விட்டேன். அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

“அதெல்லாம் உடுங்க. எங்கூட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு, சாகற மட்டும் என்னையத்தான் திட்டுனாரு. எம் புள்ளை இருக்குதுங்க. அது படிக்க ஆசப்பட்ட புள்ளைங்க. நீ ரோட்டப் பாத்து நடந்திருந்தா நான் படிச்சிருப்பேன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லுது. நான் சொன்னா நம்பாதுங்க, ரைட்டரய்யா மேலயே பழி போடறியான்னு கேக்கும். தண்ணிக்குப் போயிருக்குது, இப்ப வந்துரும். நீங்களே உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

சொல்கிறேன் என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

மகள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது, கழுத்தில் தாலி. என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

“ஐயா வாங்க. நீங்க அன்னிக்கு வேலை போட்டுக் குடுக்கலீன்னா எங்கூடு என்ன ஆயிருக்குமோங்க. உங்களத்தானுங்க நாங்க தெய்வமா நெனச்சுட்டு இருக்கறோம்.”

அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். தெய்வம் என்று சொன்ன வாய்க்கு முன்னால், குடித்துவிட்டு உன் அம்மா மேல் ஏற்றியவன் நான் என்ற வார்த்தை வரவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். பாதியாவது சொல்லலாம், அம்மாவைத் திட்டாதே என்றாவது சொல்லலாம் என்று தோன்றியது. அப்போது என் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது இதுதான்.

“அம்மாவ இனிமே திட்டாதே கண்ணு. அன்னிக்கு அப்பேர்ப்பட்ட பனி. அதுல யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

மகள் சிரித்தாள்.

“பனின்னு தெரியுதில்லீங்களா? அப்ப ஓரமா வந்திருக்கோணுமில்லீங்க? நீங்க நல்லவரு, அதுக்கு முட்டுக் குடுக்கறீங்க.”

நான் அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அவரைத் தோல் கிழிபடுகிற சத்தம் மட்டும் நின்றுபோயிற்று. அவள் மகளிடம் சொன்னாள்:

“டீத்தண்ணி வெக்க வேண்டாம் கண்ணு. அவரு கெளம்பறாரு.”

அன்று பனி இல்லை. வெயில் அடித்தது. நான் குடித்திருந்தேன். அவள் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.